ராத்திரி எட்டரைக்கு யார் ஏ.சி. போடுவாங்க? வாடகைதாரர் பக்கம் நின்று ஒரு ஆபீஸைப் படிப்பது எப்படி



இந்த வார எபிசோடில் 'டெனன்ட் ஆப்' பற்றிப் பேசினோம். கதவைத் திறக்க, மீட்டிங் ரூம் புக் பண்ண, காபி ஆர்டர் பண்ண, எல்லாத்துக்கும் ஒரே ஆப். நேரம் போதாமல் ஒரு விஷயத்தை விட்டுட்டேன், அதை இங்கே எழுதறேன். ஆப் வருவதற்கு முன்பே கட்டடம் வந்துவிடுகிறது. அந்தக் கட்டடம் யாரை நினைத்துக் கட்டப்பட்டது? வாடகைக்கு வருகிறவர் அந்த ஆள் இல்லையென்றால் என்ன ஆகும்? இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் சித்தப்பாவின் ஆபீஸில் வியர்வையோடு படித்தேன்.

சித்தப்பா பிளசன்டனில் ஒன்பது பேர் கொண்ட ஒரு சாஃப்ட்வேர் சர்வீஸ் கம்பெனி நடத்துகிறார். டீமில் பாதிப் பேர் சென்னையில். நமக்கு இங்கே கோடையில் ராத்திரி எட்டரை என்றால் அங்கே காலை ஒன்பது. அதனால் ஆபீஸின் முக்கியமான வேலையே இருட்டிய பிறகுதான் ஆரம்பிக்கும். ஒரு செப்டம்பர் மாதம், வெளியே பகலில் நூறு டிகிரி தாண்டிய நாள். சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கப் போனேன். உள்ளே நுழைந்தால் அடுப்பங்கரை மாதிரி இருக்கு. ஜன்னல் திறக்காது. நாலு பேர் டேபிள் ஃபேனைச் சுற்றி உட்கார்ந்து கிளையன்ட்டிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏ.சி. ரிப்பேரா சித்தப்பா?"

"ரிப்பேர் இல்லம்மா. ஆறு மணிக்கு நிறுத்திடுவான். நீதான் டெக்ல இருக்கியே, இதை ஏதாவது பண்ணேன்."

சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டை நான் தட்டிப் பார்த்தேன். அது எதையும் கட்டுப்படுத்தவில்லை. பிறகு லீஸை வாங்கிப் படித்தேன். பதில் அதில்தான் இருந்தது.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிடறேன். அந்த ஆபீஸைத் தேர்ந்தெடுத்ததில் என் கையும் உண்டு. அப்போது நான் காலேஜில் இருந்தேன். மூன்று இடம் பார்த்துவிட்டு என்னையும் கூட்டிப் போனார். கண்ணாடி ரூம், ஓப்பன் ஹால், பளபளக்கும் லாபி. "இதுதான் சித்தப்பா, ஸ்டார்ட்அப் மாதிரி இருக்கு" என்று சொன்னவள் நான். கட்டடத்தின் பேர் வேண்டாம். அவர்கள் சட்டப்படி எந்தத் தப்பும் பண்ணவில்லை.

பாடம் 1: கட்டடத்துக்கு ஒரு கனவு வாடகைதாரர் உண்டு

பிளசன்டனில் வளர்ந்தவர்களுக்கு ஹசியெண்டா தெரியும். 580-ஐ ஒட்டி, மரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்கும் ஆபீஸ் கட்டடங்கள். 1980-களின் தொடக்கத்தில் ஜோ கேலஹன் என்ற டெவலப்பர், புருடென்ஷியல் இன்சூரன்ஸின் பணத்தோடு ஆரம்பித்த பிசினஸ் பார்க் அது. பரப்பு 875 ஏக்கர். சான் ஃபிரான்சிஸ்கோவில் வாடகை ஏறிக்கொண்டிருந்த காலம். பெரிய கம்பெனிகள் தங்கள் கணக்குப் பிரிவு, கம்ப்யூட்டர் பிரிவு எல்லாவற்றையும் புறநகருக்கு நகர்த்தின. அந்த ஆட்களை நினைத்துத்தான் கட்டினார்கள்: ஒரு கம்பெனி ஒரு மாடி முழுவதையும், முடிந்தால் கட்டடம் முழுவதையும் எடுக்கும். எல்லாரும் காரில் வருவார்கள். காலை எட்டுக்கு வந்து சாயங்காலம் ஆறுக்குள் கிளம்பிவிடுவார்கள்.

அந்தக் கனவு நிஜமாகவும் ஆச்சு. 1987-இல் டேவ் டஃபீல்டும் கென் மாரிஸும் தொடங்கிய பீப்பிள்சாஃப்ட், பிளசன்டனைத் தலைமையிடமாக்கி வளர்ந்தது. 1997-இல் டப்ளின்/பிளசன்டன் பார்ட் ஸ்டேஷன் திறந்தது. நம்மில் சிலருடைய அப்பா அம்மா ஹெச்1பியில் வந்து இறங்கியது இந்தக் காலத்தில்தான். பிறகு 2003-இல் ஆரக்கிள் பீப்பிள்சாஃப்ட்டை வாங்க வந்தது. ஒன்றரை வருஷ இழுபறிக்குப் பின், 2005 ஜனவரியில் சுமார் 1,030 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. இரண்டு கம்பெனியும் சேர்ந்த இடத்தில் 5,000 வேலைகளைக் குறைப்பதாக அதே மாதம் அறிவித்தது. அதே வருஷம் டஃபீல்டு அனில் பூஸ்ரியோடு சேர்ந்து வொர்க்டே ஆரம்பித்தார். இன்று அதன் தலைமையகமும் பிளசன்டன்தான். 2019-இல் வெஸ்ட் டப்ளின்/பிளசன்டன் பார்ட் ஸ்டேஷன் பக்கத்திலேயே தனக்கென்று ஆறு மாடிக் கட்டடம் ஒன்றைத் திறந்தது.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான்: பெரிய வாடகைதாரர் தனக்கு வேண்டியதைத் தானே கட்டிக்கொள்வார். அவர் காலி பண்ணிய மாடிகளைத் துண்டு போட்டு, ஒன்பது பேர் கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள். சுவரைத் துண்டு போடுவது சுலபம். ஆனா காற்று, வெளிச்சம், மின்சாரம், டாய்லெட் எல்லாம் பழைய ஒற்றை ஆளுக்குப் போட்டபடியே இருக்கும்.

இதே காலத்தில் சென்னையில் வேறு மாதிரி யோசித்தார்கள். தரமணியில் 2000-இல் திறந்த டைடல் பார்க், 12.8 லட்சம் சதுர அடி. டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து கட்டியது, பெயரிலேயே இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கு. முதல் நாளிலிருந்தே பல கம்பெனிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கப் போகிறார்கள், அவர்களுடைய கிளையன்ட்டுகள் உலகத்தின் மறுபக்கம் விழித்திருப்பார்கள் என்று தெரிந்து கட்டிய இடம். சித்தப்பா முதல் வேலை பார்த்தது அங்கேதான். "அங்க ராத்திரி ரெண்டு மணிக்கும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்போம்" என்பார். அதனால்தான் இங்கே ஏ.சி. நேரத்தைக் கேட்கணும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

பாடம் 2: நீங்கள் காசு கொடுப்பது எந்தச் சதுர அடிக்கு?

லீஸில் இரண்டு அளவு வரும். ஒன்று 'யூசபிள்', உங்கள் கதவுக்குள் இருக்கும் இடம். இன்னொன்று 'ரென்டபிள்', அதோடு லாபி, நடை, டாய்லெட் போன்ற பொது இடங்களில் உங்கள் பங்கையும் சேர்த்தது. அளக்கும் முறைக்கு 'போமா' என்ற கட்டட உரிமையாளர் சங்கத்தின் தரவிதி இருக்கு, முதலில் 1915-இல் வந்தது. யார் வகுத்த விதி என்பதைப் பெயரே சொல்லிடுது.

கணக்கு புரிய முழு எண்களில் போடுவோம். ரென்டபிள் 2,400 சதுர அடி, யூசபிள் 2,000. இரண்டையும் வகுத்தால் 1.2, இதற்கு 'லோட் ஃபேக்டர்' என்று பேர். வாடகை சதுர அடிக்கு மாதம் 3 டாலர் என்றால் மொத்தம் 7,200. அதில் 1,200 உங்கள் கதவுக்கு வெளியே இருக்கும் இடத்துக்கு. ஐந்து வருஷத்தில் 72,000 டாலர்.

இது ஏமாற்று இல்லை. நடை இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. ஆனா வாடகைதாரர் பக்கம் நின்று வடிவமைப்பவர் ஒரு கேள்வி கேட்பார்: இந்த 400 சதுர அடியால் அவருக்கு என்ன கிடைக்குது? பளிங்கு லாபிக்குப் பதில் எல்லாரும் பயன்படுத்தும் பெரிய மீட்டிங் ரூம் ஒன்று பொதுவில் இருந்தால், ஒன்பது பேர் கம்பெனி வாரத்துக்கு ஒரு தடவைக்காகத் தனியாக ஒரு கான்ஃபரன்ஸ் ரூம் கட்ட வேண்டாம். அதே காசு, ஆனா பயன் திரும்பி வருது.

ஒரு சின்ன எச்சரிக்கை. கலிஃபோர்னியாவில் வாடகையை மாதக் கணக்கில் சொல்வார்கள். நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் பெரும்பாலும் வருஷக் கணக்கு. எடிசனில் இருக்கும் கசினிடம் "அங்க முப்பதா, இங்க மூணுதான்" என்று பெருமை பேசினால் கணக்கு தலைகீழாயிடும். முப்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரைதான்.

பாடம் 3: ஏ.சி. ஏன் ஆறு மணிக்கு நிற்குது

இப்போது அந்த வியர்வைக்கு வருவோம். எங்கள் லீஸில் 'பில்டிங் ஹவர்ஸ்' என்று ஒரு வரி இருந்தது: திங்கள் முதல் வெள்ளி காலை எட்டு முதல் சாயங்காலம் ஆறு. அதற்கு மேல் வேண்டுமானால் மணிக்கு இவ்வளவு, முன்கூட்டியே எழுதிக் கேட்கணும். மணிக்கு 60 டாலர் என்று வையுங்கள். தினம் இரண்டு மணி நேரம், மாதம் 21 நாள். 2,520 டாலர். வாடகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

நான் முதலில் இதைப் பேராசை என்றுதான் நினைத்தேன். பிறகு கட்டடப் பராமரிப்பு ஆள் ஒருவர் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மொத்த மாடிக்கும் ஒரே பெரிய இயந்திரம். அது குளிர்ந்த காற்றைத் தள்ளும். மேற்கூரைக்குள் இருக்கும் சின்னப் பெட்டிகள் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு காற்று போகணும் என்று திறந்து மூடும். ஒரு மூலையில் நாலு பேருக்குக் குளிர வைக்கணும் என்றாலும் அந்தப் பெரிய விசிறி ஓடியே ஆகணும். ஒரு டம்ளர் காபிக்குக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற மாதிரி.

கலிஃபோர்னியாவின் எனர்ஜி கோட், டைட்டில் 24, பெரிய கட்டடங்களை 25,000 சதுர அடிக்கு மிஞ்சாத பகுதிகளாகப் பிரித்து, ஆள் இல்லாத பகுதிக்குக் காற்றை நிறுத்தும் வசதி வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனா 2,000 சதுர அடிக்காரர் அப்படி ஒரு பகுதியில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

ஆக, சின்ன வாடகைதாரர்களுக்கு என்று வடிவமைத்தால் மூன்று வழி இருக்கு. ஒன்று, பகுதிகளை இன்னும் சின்னதாக்கி, குறைந்த வேகத்திலும் ஓடும் விசிறி போடுவது. இரண்டு, ராத்திரி வேலை செய்யும் ரூமுக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்பிளிட் யூனிட். மூன்று, தனி மீட்டர் வைத்து, உண்மையில் ஓடிய அளவுக்கு மட்டும் வாங்குவது. இங்கேதான் ஆப் வேலை செய்யணும். எங்கள் கட்டடத்திலும் ஆப் இருந்தது. அதில் வியாழக்கிழமை கப்கேக் அறிவிப்பு வரும். ஏ.சி. கேட்க மட்டும் இரண்டு நாள் முன்னாடி ஈமெயில் அனுப்பணும்.

பாடம் 4: வெளிச்சம், சத்தம், சாம்பார்

வெளிச்சம்: ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும். ஒன்பது அடி உயரம் என்றால் சுமார் இருபது அடி. பெரிய மாடிகளில் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கும் லிஃப்ட் சுவருக்கும் நாற்பது அடிகூட இருக்கும். முழு மாடியும் ஒரே கம்பெனி என்றால் உள்பக்கம் ஸ்டோர், சர்வர், மீட்டிங் ரூம் வைத்துக்கொள்ளலாம். துண்டு போடும்போது யாரோ ஒருவருக்கு அந்த இருட்டுப் பாதி மொத்தமாக விழும். வாடகை மட்டும் அதே ரேட்டாக இருக்கலாம். எங்கள் டெஸ்டிங் டீம் அங்கேதான் உட்கார்ந்தது.

சத்தம்: நான் ஆசைப்பட்ட ஓப்பன் ஹால் நினைவிருக்கா? ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீஃபன் டர்பனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தடுப்புகளை எடுத்து ஓப்பன் ஹாலுக்கு மாறிய இரண்டு கம்பெனிகளில் நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்தது. ஈமெயிலும் மெசேஜும் கூடின. எங்கள் ஆபீஸில் அதை நான் கண்ணால் பார்த்தேன். நாலு பேர் ஒரே நேரத்தில் சென்னையோடு பேசினால் யாருக்கும் எதுவும் கேட்காது. கடைசியில் ஒருத்தர் காரில் உட்கார்ந்து கால் எடுப்பார். அந்த இடத்துக்கு வேண்டியிருந்தது ஒரு பெரிய ஹால் இல்லை, கதவு மூடும் நாலு சின்ன ரூம்.

நினைவில் வராத ஆட்கள்: 2020-இல் அமலுக்கு வந்த கலிஃபோர்னியா சட்டப்படி, தாய்ப்பால் எடுக்கும் அம்மாக்களுக்கு டாய்லெட் அல்லாத சுத்தமான ரூம் வேண்டும். நாற்காலி, பொருள் வைக்க இடம், பிளக் பாயின்ட், பக்கத்தில் சிங்க், ஃபிரிட்ஜ். ஒன்பது பேர் கம்பெனி இதற்கென்று தனி ரூம் ஒதுக்குவது கஷ்டம். உள்ளே இடம் இல்லாவிட்டால் அதே கட்டடத்தின் மற்ற கம்பெனிகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று அந்தச் சட்டமே சொல்லுது. கட்டட உரிமையாளர் மாடிக்கு ஒன்று பொதுவில் கட்டினால் பத்துக் கம்பெனிக்கு உதவும். எங்கள் ஆபீஸில் ஒரு அக்கா பிரசவத்துக்குப் பின் திரும்பி வந்தபோது, சித்தப்பா தன் ரூமைக் காலி செய்து கொடுத்துவிட்டு நடையில் உட்கார்ந்திருந்தார்.

சாம்பார்: சிரிக்காதீங்க. எங்கள் பான்ட்ரியில் புகைபோக்கி இல்லை. மைக்ரோவேவில் சாம்பார் சாதம் சூடாக்கினால், காற்று சுற்றிச் சுற்றி அதே மாடியில் வரும். பக்கத்து ஆபீஸிலிருந்து இரண்டு தடவை புகார் வந்தது. பிறகு எல்லாரும் பால்கனியில் ஆறின சாதம் சாப்பிட ஆரம்பித்தார்கள். நூறு டாலர் ஃபேன் ஒன்று தீர்த்திருக்க வேண்டிய விஷயத்துக்கு, பெரியவங்க தலை குனிஞ்சுக்கிட்டாங்க. எனக்கு இன்னும் கோபம் வருவது வாடகைக் கணக்கை நினைத்து இல்லை, இதை நினைத்துத்தான்.

பாடம் 5: லீஸும் ஒரு வரைபடம்தான்

சுவர் எங்கே என்பதை ஆர்க்கிடெக்ட் வரைகிறார். ரிஸ்க் எங்கே என்பதை லீஸ் வரைகிறது. சித்தப்பாவும் சித்தியும் 'பர்சனல் கேரன்டி' கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கம்பெனி வாடகை கட்டாவிட்டால் அவர்கள் சொந்தச் சொத்தே பொறுப்பு. ரின்யூவல் வந்தபோது சித்தி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இதெல்லாம் இருக்கட்டும் கண்ணு. வீடு போயிடாதில்ல?"

சட்டம் காப்பாற்றுமா என்று தேடினேன். 2025 ஜனவரியிலிருந்து கலிஃபோர்னியாவில் சின்ன வணிக வாடகைதாரர்களுக்குச் சில பாதுகாப்புகள் வந்திருக்கு. வாடகை ஏற்ற முன்னறிவிப்பு, பராமரிப்புச் செலவைத் தலையில் கட்டுவதற்கு வரம்பு, சில மொழிகளில் பேரம் பேசியிருந்தால் அந்த மொழியிலேயே லீஸின் மொழிபெயர்ப்பு. ஆனா சாதாரணக் கம்பெனிக்கு இது கிடைக்க, முதலாளியையும் சேர்த்து ஐந்து பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ரெஸ்டாரன்டுக்கும் லாப நோக்கில்லாத அமைப்புக்கும் வரம்பு கொஞ்சம் அதிகம். நாங்க ஒன்பது. மொழிகள் ஸ்பானிஷ், சீனம், டகாலக், வியட்நாமியம், கொரியன். தமிழ் இல்லை. அந்த இடத்தில் இருப்பது நீங்களும் நானும்தான்.

அதனால் நான் செய்தது ரொம்பச் சாதாரணம். டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். ஒரு மாதம், எத்தனை மணிக்கு எத்தனை பேர் எங்கே உட்காருகிறார்கள் என்று எழுதினேன். பகலில் சராசரியாக மூன்று பேர், ராத்திரி ஆறு பேர். கண்ணாடி கான்ஃபரன்ஸ் ரூம் அந்த மாதம் முழுக்க நாலு மணி நேரம்தான் பயன்பட்டது. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, ஒரு வக்கீலிடமும் காட்டி, பேசப் போனோம்.

பழைய கட்டடம் ராத்திரி ஏ.சி. ரேட்டைக் குறைக்கவில்லை. நாங்க வேறு இடத்துக்கு மாறினோம். ஒரே மாடிக் கட்டடம், லாபி கிடையாது, பார்க்கிங்கிலிருந்து நேராகக் கதவு. கூரையில் எங்களுக்கென்று தனி ஏ.சி. யூனிட், எங்கள் பேரில் மீட்டர், திறக்கிற ஜன்னல். உள்வேலைக்கு அவர்கள் கொடுத்த பணத்தில் நாலு சின்ன ரூமும், பான்ட்ரிக்கு ஒரு புகைபோக்கியும். கேரன்டியைப் பன்னிரண்டு மாத வாடகைக்கு மிஞ்சாமல் கட்டுப்படுத்தினோம். முழுசா எடுக்க முடியவில்லை. பழைய ஆபீஸில் போட்ட ஃபர்னிச்சர் காசு போனது போனதுதான். பார்க்க ஸ்டார்ட்அப் மாதிரியும் இல்லை.

பெரியவர்களுக்கும் இதே பாடம் நடந்துகொண்டிருக்கு. பக்கத்து சான் ரமோனில் பிஷப் ராஞ்ச் இருக்கு. 1978-இல் சன்செட் டெவலப்மென்ட் 585 ஏக்கர் வாங்கி ஆரம்பித்தது. 2018-இல் ரென்சோ பியானோவின் வடிவமைப்பில் சிட்டி சென்டர் திறந்தார்கள், ஆபீஸ் ஆட்கள் சாயங்காலமும் அங்கேயே சாப்பிட, சினிமா பார்க்க. ஊரின் பெரிய முதலாளியான செவ்ரான் 2022-இல் தன் வளாகத்தை அதே சன்செட்டுக்கு விற்றது. 2024-இல் தலைமையகத்தை ஹியூஸ்டனுக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஒரே பெரிய வாடகைதாரரை நம்பி இருக்க முடியாது என்று தெரிந்த பிறகு, சின்ன ஆட்களின் ராத்திரி எட்டரை மணியும் கட்டட உரிமையாளரின் கணக்கில் வந்தே ஆகணும்.

இந்த வார வீட்டுப்பாடம்

உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ யாராவது கடை, டேகேர், பரதநாட்டிய வகுப்பு, பல் கிளினிக், வரிக் கணக்கு ஆபீஸ் வைத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள்.

1. லீஸில் ரென்டபிள், யூசபிள் இரண்டையும் கண்டுபிடித்து வகுத்துப் பாருங்க.
2. 'பில்டிங் ஹவர்ஸ்' எது, அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்று பாருங்க.
3. மதியம் மூன்று மணிக்கும், அவர்கள் உண்மையில் வேலை செய்யும் கடைசி மணிக்கும் நேரில் போய் உட்காருங்க. எங்கே வெயில், எங்கே இருட்டு, எங்கே சத்தம் என்று எழுதுங்க.
4. கேரன்டியில் கையெழுத்துப் போட்டது யார், எவ்வளவு வரைக்கும் என்று கேளுங்க. லீஸ் எந்தத் தேதியில் முடியுது என்பதை உங்கள் ஃபோன் காலண்டரில், ஒரு வருஷம் முன்னாடியே மணி அடிக்கிற மாதிரி வையுங்க.

நாலாவது கேள்வியை மெதுவா கேளுங்க. பெரியவங்க பதில் சொல்ல கொஞ்ச நேரம் எடுத்துக்குவாங்க.

போன வாரம் புது ஆபீஸுக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் போனேன். உள்ளே ஜில்லென்று இருந்தது. சித்தப்பா ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.